மோதிரத்தை அழித்தது யார்? 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' க்ளைமாக்ஸ்: நாவலில் ஒன்று, படத்தில் வேறொன்று

கொதிக்கும் எரிமலைக் குழம்புக்கு மேலே ஒரு பாறை விளிம்பு. விரல் துண்டான கையோடு எழுந்து வருகிறான் ஃப்ரோடோ. மோதிரத்தைத் தூக்கிப் பிடித்துக் கும்மாளம் போடும் கோல்லம் மீது பாய்கிறான். இருவரும் மல்லுக்கட்டுகிறார்கள். அப்படியே விளிம்பைத் தாண்டி விழுகிறார்கள்.

2003 டிசம்பரில் வெளியான 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' படத்தைப் பார்த்த யாருக்கும் இந்தக் காட்சி மறந்திருக்காது.

ஆனா, ஜே.ஆர்.ஆர். டோல்கீன் எழுதி 1955-ல் வெளியான நாவலில் இந்தச் சண்டை கிடையாது. அங்கே கோல்லத்தை யாரும் தள்ளவில்லை. யாரும் அவன் மேல் பாயவும் இல்லை. சந்தோஷத்தில் ஆடிக்கொண்டே கால் தவறி விழுகிறான். அவ்வளவுதான்.

பார்க்கச் சின்ன மாற்றம்தான். ஆனால் 'மோதிரத்தை அழித்தது யார்?' என்ற கேள்விக்கான பதிலே இதனால் மாறிவிடுகிறது. நாவலில் என்ன இருக்கிறது, படத்தில் என்ன வந்தது, ஏன் மாற்றினார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

கதை தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம்

மிடில் எர்த் என்ற கற்பனை உலகம். அங்கே சௌரான் என்ற கொடுங்கோலன் தன் பலத்தில் பெரும்பகுதியை ஒரு தங்க மோதிரத்துக்குள் இறக்கி வைத்திருக்கிறான். அது அவன் கைக்குத் திரும்பப் போனால் உலகமே அவனுக்கு அடிமை. மோதிரம் உருவானது மோர்டோர் நாட்டில் இருக்கும் டூம் மலையின் தீயில். அதே தீயில் போட்டால்தான் அழியும். வேறு எந்த நெருப்பும் அதை ஒன்றும் செய்யாது.

அதைத் தூக்கிக்கொண்டு போகும் பொறுப்பு ஃப்ரோடோவின் தலையில் விழுகிறது. ஃப்ரோடோ ஒரு ஹாபிட். மனிதரில் பாதி உயரம் இருக்கும், ஊரை விட்டு அதிகம் வெளியே போகாத, சாப்பாட்டுப் பிரியர்களான இனம் அது. துணைக்கு வருவது அவனுடைய தோட்டக்காரன் சாம்.

மூன்றாவது ஆள்தான் கோல்லம். ஒரு காலத்தில் அவன் பெயர் ஸ்மீகோல். அவனும் ஹாபிட்களுக்கு நெருங்கிய இனத்தவன்தான். மோதிரத்துக்காக உடன் இருந்த டீகோலைக் கொன்றவன். அதன் பிறகு ஏறத்தாழ 500 ஆண்டுகள் அந்த மோதிரத்தோடு குகை இருட்டில் கிடந்து, உடலும் மனமும் உருக்குலைந்து போனவன். பில்போ என்ற ஹாபிட்டிடம் அதைப் பறிகொடுத்தான். அந்த பில்போவின் உறவினரும் வாரிசும்தான் ஃப்ரோடோ.

வழி தெரியாத மோர்டோருக்கு ஃப்ரோடோவையும் சாமையும் அழைத்துப் போகும் வழிகாட்டியும் கோல்லம்தான். மோதிரத்தை எப்படியாவது திரும்பப் பறிக்கக் காத்திருப்பவனும் அவன்தான்.

நாவலில் என்ன நடக்கிறது?

நாவலின் ஆறாம் பாகத்தில் மூன்றாவது அத்தியாயம் இது. பெரும்பாலும் சாமின் பார்வையில்தான் சொல்லப்படுகிறது.

நடக்கக்கூட முடியாத ஃப்ரோடோவை சாம் முதுகில் சுமந்துகொண்டு மலையேறுகிறான். வழியில் கோல்லம் மேலிருந்து பாய்ந்து தாக்குகிறான். ஃப்ரோடோ அவனை உதறித் தள்ளிவிட்டு ஒரு எச்சரிக்கை விடுக்கிறான்: இன்னொரு முறை என்னைத் தொட்டால் நீயே இந்த மலைத் தீயில் போய் விழுவாய் என்று. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரோடோ மேலே போகிறான். கோல்லத்தைக் கவனிக்க சாம் பின்தங்குகிறான். வாளை ஓங்குகிறான். கோல்லம் காலடியில் கிடந்து கெஞ்சுகிறான். கொன்றுபோட எல்லா நியாயமும் சாமிடம் இருக்கிறது. ஆனாலும் கை இறங்கவில்லை. கொஞ்ச நேரமே என்றாலும் சாமும் அந்த மோதிரத்தைச் சுமந்தவன். அது ஒரு ஆளை என்ன பாடு படுத்தும் என்று அவனுக்குத் தெரியும். 'போய்த் தொலை' என்று விட்டுவிடுகிறான்.

மலைக்குள் சாம் நுழையும்போது ஃப்ரோடோ தீப்பிளவின் விளிம்பில் நிற்கிறான். வந்த வேலையைச் செய்யப்போவதில்லை என்று தெளிந்த குரலில் அறிவிக்கிறான். மோதிரம் தன்னுடையது என்கிறான். விரலில் மாட்டுகிறான். மறைந்துபோகிறான்.

அடுத்த நொடி எல்லாம் தலைகீழ். தன் மோதிரம் எங்கே இருக்கிறது என்று சௌரானுக்குத் தெரிந்துவிடுகிறது. சாமைத் தட்டிவிட்டுத் தாவி ஓடும் கோல்லம், கண்ணுக்குத் தெரியாத ஃப்ரோடோவோடு கட்டிப்புரண்டு அவன் விரலைக் கடித்தே துண்டாக்குகிறான். ஃப்ரோடோ முழங்காலிட்டு விழுகிறான்.

கோல்லம் மோதிரத்தை உயரத் தூக்கிப் பிடித்து ஆடுகிறான். கண் முழுக்க மோதிரத்தின் மேல். கால் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. விளிம்பில் ஒரு அடி தாண்டி வைக்கிறான். கதை முழுக்க எதிர்பார்த்து வந்த அந்தச் சம்பவம் சில வரிகளில் முடிந்துவிடுகிறது.

வெளியே வந்ததும் ஃப்ரோடோ சாமிடம் பேசும் முதல் விஷயங்களில் ஒன்று கோல்லத்தைப் பற்றியது. அவன் மட்டும் இல்லையென்றால் மோதிரத்தை என்னால் அழித்திருக்க முடியாது, அவனை மன்னித்துவிடுவோம் என்கிறான்.

படத்தில் என்ன நடக்கிறது?

இயக்குநர் பீட்டர் ஜாக்சன், ஃப்ரான் வால்ஷ், ஃபிலிப்பா பாயன்ஸ் மூவரும் சேர்ந்து எழுதிய திரைக்கதை, காட்சியின் முதல் பாதியை ஏறக்குறைய நாவலின்படியே கொண்டுபோகிறது. சாம் தூக்கிச் சுமப்பது, கோல்லம் தாக்குவது, ஃப்ரோடோ மனம் மாறுவது, மோதிரத்தை மாட்டுவது, விரல் துண்டாவது எல்லாம் உண்டு. ஃப்ரோடோவாக எலைஜா வுட், சாமாக ஷான் ஆஸ்டின், கோல்லமாக மோஷன் கேப்சர் தொழில்நுட்பத்தில் ஆண்டி செர்கிஸ்.

மாற்றம் அதற்குப் பிறகுதான் வருகிறது. விரல் போன ஃப்ரோடோ எழுந்து நின்று மீண்டும் மோதிரத்தைப் பறிக்கப் போகிறான். மல்லுக்கட்டில் இருவரும் விழுகிறார்கள். கோல்லம் மோதிரத்தோடு தீயில் மூழ்குகிறான். ஃப்ரோடோ பாறையைப் பிடித்துத் தொங்குகிறான். சாம் கை நீட்டி அவனை மேலே இழுக்கிறான்.

இதற்கு நடுநடுவே மோர்டோரின் கறுப்பு வாசலில் அரகார்ன் ராட்சத ட்ரோலோடு மோதும் போர்க்களக் காட்சியும் வெட்டி வெட்டிக் காட்டப்படுகிறது.

ஒரே பார்வையில்: 5 வித்தியாசங்கள்

1. கோல்லத்தின் வீழ்ச்சி: நாவலில் கால் தவறுகிறது. படத்தில் ஃப்ரோடோவுடனான கைகலப்பில் விழுகிறான்.

2. ஃப்ரோடோவின் எச்சரிக்கை: நாவலில், தொட்டால் தீயில் விழுவாய் என்ற எச்சரிக்கை முன்கூட்டியே வருகிறது. படத்தில் இல்லை.

3. சாமின் இரக்கம்: நாவலில் சாம் கோல்லத்தைக் கொல்லாமல் விடுகிறான். படத்தில் அவனோடு சண்டை போட்டு வாளால் வெட்டுகிறான். மனம் இரங்கி விடும் இடம் இல்லை.

4. விளிம்பில் தொங்குவது: நாவலில் ஃப்ரோடோ விழுவதும் இல்லை, தொங்குவதும் இல்லை. சாம் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறான்.

5. மன்னிப்பு: நாவலில் கோல்லத்தை மன்னிக்கும் பேச்சு உண்டு. படத்தில் இருவரும் சொந்த ஊரான ஷயரை நினைத்துக்கொள்கிறார்கள். கோல்லத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

முதலில் எடுத்தது வேறு காட்சி!

பலருக்குத் தெரியாத ஒரு தகவல் இது. திரையில் வந்த காட்சி படக்குழு முதலில் எடுத்த காட்சி கிடையாது. முதலில் எடுத்ததில் ஃப்ரோடோவே கோல்லத்தைத் தீயில் தள்ளிவிடுகிறான்.

எடுத்து முடித்துப் பார்த்தபோது படக்குழுவுக்கே அது உறுத்தியது. கையில் ஆயுதம்கூட இல்லாத ஒருவனைப் பிடித்துத் தள்ளுவது கொலை போலத் தெரிந்தது. அதனால் காட்சியை மாற்றித் திரும்ப எடுத்தார்கள். தள்ளுவதும் இல்லாமல், தானாக விழுவதும் இல்லாமல் நடுவே ஒரு வழி. ஃப்ரோடோ மோதிரத்துக்காகப் பாய்கிறான், விழுவது விபத்து.

அதாவது, நாவலை விட்டு வெகுதூரம் போன படக்குழு பாதி தூரம் திரும்பி வந்திருக்கிறது. ஃப்ரோடோவைக் கொலைகாரன் ஆக்கக் கூடாது என்ற இடத்தில் டோல்கீனும் ஜாக்சனும் ஒரே பக்கம்தான் நிற்கிறார்கள்.

சரி, நாவலில் அது வெறும் விபத்தா?

முதல் முறை படிக்கும் பலருக்கும் வரும் சந்தேகம் இது. மூன்று பாகங்கள், பத்துப் பதினைந்து நாடுகள், ஆயிரக்கணக்கான வீரர்கள். கடைசியில் ஒருத்தன் வழுக்கி விழுந்ததால் உலகம் பிழைத்தது என்றால் எப்படி?

நாவலைக் கூர்ந்து படித்தால் டோல்கீன் இதற்கு இரண்டு வகையில் அடித்தளம் போட்டிருப்பது தெரியும்.

முதலாவது, சத்தியம். கோல்லம் வழிகாட்டியாகச் சேரும்போது மோதிரத்தின் பெயரால்தான் சத்தியம் செய்கிறான். அந்தச் சத்தியம் உன்னைப் பிடித்துவைக்கும், ஒரு நாள் உனக்கே எதிராகத் திரும்பும் என்று ஃப்ரோடோ அப்போதே எச்சரிக்கிறான். நான் மோதிரத்தை மாட்டிக்கொண்டு ஆணையிட்டால் நீ நெருப்பில்கூடக் குதிப்பாய் என்று இன்னொரு இடத்தில் சொல்கிறான். கடைசியில் மலைச்சரிவில் அந்த எச்சரிக்கை வருகிறது. கோல்லம் சத்தியத்தை மீறுகிறான், ஃப்ரோடோவைத் தொடுகிறான், சொன்னபடியே தீயில் விழுகிறான். ஆக, மோதிரத்தின் சக்தியே கடைசியில் மோதிரத்தை அழித்தது என்று வாசிக்கவும் இடம் இருக்கிறது.

இரண்டாவது, இரக்கம். நாவலின் முதுகெலும்பு என்றே இதைச் சொல்லலாம். கோல்லத்தைக் கொல்ல மூன்று பேருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. முதலில் குகையில் பில்போ. பிறகு மலைப்பாறைகளுக்கு நடுவே ஃப்ரோடோ. கடைசியாக மலைச்சரிவில் சாம். மூன்று பேருமே விட்டுவிடுகிறார்கள். மூவரில் ஒருவர் வாளை இறக்கியிருந்தாலும், ஃப்ரோடோ மனம் மாறிய அந்த நொடியில் மோதிரத்தைப் பறிக்க ஆள் இருந்திருக்காது. சௌரான் ஜெயித்திருப்பான்.

கோல்லத்துக்கும் இந்தக் கதையில் இன்னும் ஏதோ ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று மந்திரவாதி காண்டால்ஃப் முன்பே சொல்கிறார். நாவலில் இந்தப் பேச்சு பயணமே தொடங்குவதற்கு முன், ஃப்ரோடோவின் வீட்டில் நடக்கிறது. படத்தில் இதை மோரியா சுரங்கத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். இடம் மாறினாலும் பேச்சை விடவில்லை.

டோல்கீனே மாற்றி எழுதிய காட்சி

இந்த இரக்கத்துக்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யமான வரலாறு உண்டு.

1937-ல் டோல்கீன் 'தி ஹாபிட்' என்ற சிறுவர் நாவலை வெளியிட்டார். அதன் முதல் பதிப்பில் கோல்லம் அவ்வளவு மோசமானவன் இல்லை. பில்போவோடு விடுகதைப் போட்டி வைத்துத் தோற்கிறான். பரிசாகத் தருவதாகச் சொன்ன மோதிரத்தைத் தேடுகிறான், காணவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போக வழி காட்டுகிறான். பகையே இல்லை.

பிறகு 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதும்போது அந்த மோதிரம் உலகையே ஆட்டிப்படைக்கும் பொருளாக வளர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட மோதிரத்தை ஒருவன் பரிசாகக் கொடுக்கச் சம்மதிப்பானா? இடித்தது. அதனால் 1951-ல் வந்த 'தி ஹாபிட்' புதிய பதிப்பில் அந்த அத்தியாயத்தையே மாற்றினார். புதிய வடிவத்தில் கோல்லம் கொலைவெறியோடு துரத்துகிறான். மோதிரத்தால் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் பில்போ கையில் வாள் இருந்தும் குத்தவில்லை. பரிதாபப்பட்டு அவன் தலைக்கு மேலே தாண்டிக் குதித்து ஓடிவிடுகிறான்.

டூம் மலையில் நடக்கப்போகும் முடிவுக்கான விதையைப் பழைய புத்தகத்துக்குள்ளேயே திரும்பப் போய் ஊன்றிவிட்டு வந்திருக்கிறார் டோல்கீன். கால் தவறி விழுவது அவருக்கு எவ்வளவு யோசித்த முடிவு என்பதற்கு இது ஒன்றே போதும்.

அப்போ ஃப்ரோடோ தோற்றுப்போனானா?

ஆமாம். டோல்கீனே அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

நாவல் வெளியான கொஞ்ச காலத்திலேயே இந்தக் கேள்வி அவரைத் துரத்த ஆரம்பித்துவிட்டது. ஃப்ரோடோவைப் பாராட்டியிருக்கக் கூடாது, துரோகி என்று மரண தண்டனை கொடுத்திருக்க வேண்டும் என்று ஒரு வாசகர் கோபமாக எழுதியதாக 1956-ல் ஒரு கடிதத்தில் டோல்கீன் குறிப்பிடுகிறார்.

1963-ல் ஒரு வாசகிக்குப் பதிலாக எழுதிய கடித வரைவில் இதை நீளமாக விளக்கியிருக்கிறார். சாரம் இதுதான்: கதாநாயகனாகப் பார்த்தால் ஃப்ரோடோ தோற்றவன்தான். கடைசி வரை தாங்கவில்லை. ஆனால் அதை ஒழுக்கத் தோல்வி என்று சொல்ல முடியாது. மாதக்கணக்கில் சித்திரவதை, பசி, களைப்பு. அதற்கு மேல் மோதிரத்தின் பலம் உச்சத்தில் இருக்கும் இடம். அங்கே யாராலும் தாங்கியிருக்க முடியாது. தன்னால் முடிந்ததன் எல்லை வரை ஃப்ரோடோ வந்துவிட்டான். அதுவரை அவன் காட்டிய இரக்கம்தான் மீதி வேலையை முடித்தது.

டோல்கீனுக்கு இது வெறும் கற்பனை விஷயமில்லை. 1916-ல் முதல் உலகப்போரின் சோம் போர்க்களத்தில் இளம் அதிகாரியாக இருந்தவர் அவர். நெருங்கிய நண்பர்களைப் போரில் இழந்தவர். எவ்வளவு உறுதியான ஆளுக்கும் உடைந்துபோகும் புள்ளி ஒன்று உண்டு என்று தெரிந்த தலைமுறை அது.

அதே கடித வரைவில் இன்னொரு முடிவையும் அவர் யோசித்துப் பார்க்கிறார். கோல்லம் திருந்தியிருந்தால்? மோதிரத்தைப் பறித்திருப்பான். ஆனால் ஃப்ரோடோவைக் காப்பாற்றுவதற்காக, மோதிரத்தோடு தானே தீயில் குதித்திருப்பான் என்கிறார்.

அப்படித் திருந்தக் கிடைத்த ஒரே தருணமும் நாவலில் இருக்கிறது. மலைப் படிக்கட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் ஃப்ரோடோவைப் பார்த்து கோல்லத்தின் முகம் கனிகிறது. வயதான, களைத்துப்போன ஒருவனைப் போலத் தயங்கித் தயங்கி ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். திடுக்கிட்டு விழிக்கும் சாம், என்ன திருட்டுத்தனம் பண்ணுகிறாய் என்று சீறுகிறான். அந்தக் கனிவு அத்தோடு போய்விடுகிறது. சாம் கெட்டவன் இல்லை. ஆனாலும் அந்த ஒரு சொல் கதையின் போக்கையே மாற்றிவிட்டது.

படத்தில் இந்தத் தருணம் இல்லை. அதற்குப் பதில், உணவை சாம் திருடித் தின்றதாக கோல்லம் பழி சுமத்துவதும், ஃப்ரோடோ அதை நம்பி சாமை வீட்டுக்குப் போகச் சொல்வதும் வருகிறது. இது நாவலில் இல்லாதது.

படக்குழு ஏன் மாற்றியது?

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

தியேட்டருக்கு வந்த படத்தின் நீளம் 3 மணி நேரம் 21 நிமிடம். முந்தைய இரண்டு படங்களையும் சேர்த்தால் பார்வையாளர் 9 மணி நேரத்துக்கு மேல் இந்தக் கதையோடு இருந்திருக்கிறார். இவ்வளவுக்கும் பிறகு வில்லன் கால் இடறி விழுந்தான், ஹீரோ கீழே கிடந்து பார்த்துக்கொண்டிருந்தான் என்று காட்டினால் தியேட்டரில் சப்பென்று போய்விடும் அபாயம் உண்டு.

எழுத்தில் அப்படி இல்லை. எச்சரிக்கை, சத்தியம், மூன்று பேரின் இரக்கம் எல்லாவற்றையும் வாசகர் திரும்பப் புரட்டிப் பார்க்கலாம். நாவலாசிரியர் நினைவூட்டலாம். திரையில் ஓடும் காட்சிக்கு அந்த வசதி குறைவு. கண் முன்னே நடப்பதை வைத்துத்தான் மனம் முடிவு செய்யும்.

ஆனால் இந்த வாதத்தை டோல்கீன் ஏற்றிருப்பாரா என்பது சந்தேகம்தான். 1958-ல் தன் நாவலுக்காக எழுதப்பட்ட ஒரு திரைக்கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு, சண்டைக் காட்சிகளுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கடுமையாக எழுதினார். கதை சொல்லும் முறைக்கான அடிப்படை விதிகள் ஊடகம் மாறுவதால் முற்றிலும் மாறிவிடாது என்பது அவர் கட்சி. அவர் 1973-ல் காலமாகிவிட்டார். ஜாக்சனின் படங்களைப் பார்த்த அவருடைய மகன் கிறிஸ்டோஃபர் டோல்கீன், நாவலை இளைஞர்களுக்கான ஆக்‌ஷன் படமாக ஆக்கிவிட்டார்கள் என்று 2012-ல் பிரான்ஸின் 'லு மோந்த்' நாளிதழிடம் வருத்தப்பட்டார்.

ரசிகர்களும் திரையுலகமும் வேறு தீர்ப்பு சொன்னார்கள். 2004 பிப்ரவரி 29 அன்று நடந்த விழாவில், பரிந்துரைக்கப்பட்ட 11 பிரிவுகளிலும் இந்தப் படம் ஆஸ்கர் வென்றது. 'பென்-ஹர்', 'டைட்டானிக்' படங்களின் 11 ஆஸ்கர் சாதனையை அது சமன் செய்தது.

படம் புதிதாகக் கொடுத்தது என்ன?

மாற்றினார்கள் என்பதற்காகக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. நாவலில் இல்லாத இரண்டு நல்ல விஷயங்கள் படத்தில் உண்டு.

ஒன்று, இசில்தூர். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மோதிரத்தை சௌரானிடமிருந்து பறித்த மன்னன். படத்தில் எல்ராண்ட் அவனை இதே தீப்பிளவுக்கு அழைத்து வந்து மோதிரத்தைப் போடச் சொல்கிறார். அவன் மறுத்துத் திரும்புகிறான். முதல் படத்திலேயே இதைக் காட்டிவிட்டதால், மூன்றாவது படத்தில் ஃப்ரோடோ அதே இடத்தில் அதே போலத் திரும்பிப் பார்க்கும்போது பார்வையாளருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அவனுமா என்று! ஒரு வசனமும் தேவைப்படவில்லை.

இரண்டு, சாமின் கை. கோல்லம் தீயில் மூழ்கிய பிறகும் மோதிரம் உடனே உருகுவதில்லை. எரிகுழம்பின் மேல் அப்படியே மிதக்கிறது. மேலே ஃப்ரோடோ தொங்கிக்கொண்டிருக்கிறான். பிடியை விட்டுவிடுவானோ என்று ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தால் தோன்றும். சாம் கெஞ்சுகிறான். ஃப்ரோடோ எட்டி அவன் கையைப் பிடிக்கிறான். அதற்குப் பிறகுதான் மோதிரம் உருகத் தொடங்குகிறது. மோதிரத்தோடு போவதா, நண்பனோடு வாழ்வதா என்ற தேர்வு அங்கே நடக்கிறது.

நாவலில் மோதிரம் அழிவதற்கு ஃப்ரோடோ அந்த நேரத்தில் செய்யக்கூடியது எதுவுமே இல்லை. படம் அவனுக்குக் கடைசியாக ஒரு முடிவெடுக்கும் வாய்ப்பைத் தருகிறது.

விடுபட்டுப் போனது என்ன?

இழப்பும் உண்டு. படத்தில் ஃப்ரோடோ எழுந்து பாய்வது எதற்காக? உலகத்தைக் காப்பாற்றவா? இல்லை. மோதிரம் மறுபடி தனக்கு வேண்டும் என்ற வெறியில்தான். கவனமாகப் பார்த்தால் இது புரியும். ஆனால் வேகமாக ஓடும் காட்சியில், வில்லனோடு மோதி ஹீரோ ஜெயித்தான் என்றே பலர் மனதில் பதிந்துவிடுகிறது.

சாமின் இரக்கம் போனது அதைவிடப் பெரிய இழப்பு. கோல்லத்தை ஆரம்பம் முதல் நம்பாதவன், வெறுத்தவன் அவன்தான். அவன் வாளைத் தாழ்த்துவதுதான் அந்த மூன்று இரக்கங்களில் கடினமானது. அது இல்லாததால், சாம் கடைசி வரை நல்ல நண்பனாக மட்டும் நிற்கிறான். மாறிய மனிதனாகத் தெரியவில்லை.

ஜெயித்த பிறகும் ஆறாத காயம்

கடைசியில் ஃப்ரோடோ ஏன் கப்பலேறிப் போனான் என்ற கேள்விக்கும் டூம் மலைக் காட்சியில்தான் பதில் இருக்கிறது.

நாவலில் ஊர் திரும்பிய ஃப்ரோடோவுக்குப் பெரிய மரியாதை எதுவும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு ஆண்டும் காயம்பட்ட தேதிகள் வரும்போது நோயில் விழுகிறான். ஊரை நாசம் செய்த சருமானைக்கூடக் கொல்ல வேண்டாம் என்று தடுக்கிறான். இரக்கத்தால் பிழைத்தவன், அந்த இரக்கத்தையே கையாள்கிறான். சருமான் ஊரைப் பிடித்து வைத்திருந்த அந்தப் பகுதி முழுவதையும் படம் விட்டுவிட்டது.

மோதிரத்தை மாட்டிக்கொண்ட அந்த நொடியை ஃப்ரோடோவால் மறக்க முடியவில்லை என்பதையும் டோல்கீன் கடிதத்தில் சொல்கிறார். தோற்றுவிட்டோம் என்ற குற்ற உணர்வும், மோதிரம் போய்விட்டதே என்ற ஏக்கமும் சேர்ந்து அவனை அரிக்கின்றன. உலகம் பிழைத்தது, அதைக் காப்பாற்றப் போனவன் பழைய ஆளாகத் திரும்பவில்லை. படத்திலும் அவன் கிளம்பிப் போகிறான். ஆனால் பழைய காயம் ஆறாததுதான் அங்கே முன்னால் தெரியும் காரணம். மலையில் தோற்ற நினைவு பின்னால் போய்விடுகிறது.

ஆக, அழித்தது யார்?

படத்தைக் கேட்டால்: ஃப்ரோடோவும் கோல்லமும் அடித்துக்கொண்டதில் மோதிரம் அழிந்தது. ஃப்ரோடோவைக் காப்பாற்றியது சாம்.

நாவலைக் கேட்டால்: யாருடைய வீரமும் கடைசி அடியை வைக்கவில்லை. பில்போ, ஃப்ரோடோ, சாம் மூவரும் வெவ்வேறு நாட்களில் ஒரு பாவப்பட்டவனைக் கொல்லாமல் விட்டார்கள். அப்போது அது முட்டாள்தனம் போலத்தான் தெரிந்தது. அவர்களால் முடியாமல் போன நாளில், விட்டுவைத்த அந்த உயிர்தான் வேலையை முடித்தது.

அடுத்த முறை இந்தப் படத்தைப் பார்க்கும்போது, முதல் பாகத்தில் மோரியா சுரங்கத்தின் இருட்டில் காண்டால்ஃபும் ஃப்ரோடோவும் உட்கார்ந்து கோல்லத்தைப் பற்றிப் பேசும் இடத்தைத் தவறவிடாதீர்கள். டூம் மலையில் நடக்கப்போவது அங்கேயே சொல்லப்பட்டுவிடுகிறது.